ஒரே நிரல், மூன்று கணினி: சாளரம் திறந்து வரையத் தொடங்குவது எப்படி?

ராஜகீழ்ப்பாக்கத்திலும் சேலையூரிலும் அறை எடுத்துத் தங்கிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரே வகைக் கணினி இருப்பதில்லை. ஒருவரிடம் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி, ஒருவரிடம் புது விண்டோஸ் 11, மற்றவரிடம் மேக்புக். இந்த மூவரும் சேர்ந்து ஒரு விளையாட்டோ, தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி தரும் செயலியோ செய்ய உட்கார்ந்தால், பெரும்பாலும் முதல் நாளே சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: திரையில் ஒரு சாளரத்தைத் திறந்து, அதற்குள் வரையத் தொடங்கும் இடத்தில்.

விண்டோஸில் இந்த வேலைக்கு வின்32, லினக்ஸில் எக்ஸ்11 அல்லது வேலேண்ட், மேக்கில் கோகோ. மூன்றையும் தனித்தனியாக எழுதினால் ஒரு செமஸ்டர் அதிலேயே கரைந்துவிடும். எஸ்டிஎல் என்ற கட்டற்ற நூலகம் மூன்றையும் ஒரே அழைப்புக்குள் அடக்கித் தருகிறது. சாம் லான்டிங்கா 1998-ல் தொடங்கிய இதன் மூன்றாம் தலைமுறையின் முதல் நிலையான பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. ஜிஎல்எஃப்டபிள்யூ என்று இதைவிடச் சிறிய நூலகமும் உண்டு. ஓப்பன்ஜிஎல் மட்டும் படிப்பவர்களுக்கு அது போதும். தமிழில் தட்டச்சு செய்யவேண்டிய செயலி என்றால் எஸ்டிஎல்3-ஐத்தான் நான் பரிந்துரைப்பேன். காரணம் கீழே வரும்.

அந்தப் பழைய அரசு மடிக்கணினியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் சென்னை உருவாக்கிய இயங்குதளம் அது. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் இரண்டாவது நிறுத்தமான குரோம்பேட்டையில், எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக்கும் இணைந்துதான் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குள் கட்டற்ற மென்பொருளைப் பாடமாகக் கொண்டுபோனதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு இயங்குதளம் உள்ள பழைய கணினியைவிட நல்ல சோதனைக்களம் உங்களுக்குக் கிடைக்காது.

நிறுவுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெபியன் 13-ல் எஸ்டிஎல்3 தொகுப்பு நேரடியாகவே கிடைக்கும். மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில் எம்எஸ்ஒய்எஸ்2. பழைய லினக்ஸாக இருந்தால் மூலநிரலை இறக்கி சிமேக்கில் தொகுத்துக்கொள்ளுங்கள். மெயின் செயற்கூறு இருக்கும் கோப்பில் எஸ்டிஎல்-மெயின் தலைப்புக் கோப்பையும் சேர்க்கவேண்டும்; எஸ்டிஎல்3-ல் அது தானாக வராது.

இனி, எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று. சாளரம் வேறு, கான்டெக்ஸ்ட் வேறு. சாளரம் இயங்குதளத்தின் சொத்து: அதற்குத் தலைப்பு, அகலம், உயரம், மூடும் பொத்தான் உண்டு. கான்டெக்ஸ்ட் வரைகலை டிரைவரிடம் இருப்பது: எந்த ஷேடர் ஓடுகிறது, எந்தப் படம் ஏற்றப்பட்டிருக்கிறது, எந்த நிறத்தில் துடைக்கவேண்டும் என்ற நிலைகள் அத்தனையும் அதற்குள். ஓப்பன்ஜிஎல் அழைப்பு ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் அந்த த்ரெட்டில் நடப்பாக இருக்கும் கான்டெக்ஸ்டுக்குத்தான் போகும். நடப்பில் எதுவும் இல்லையென்றால் வெற்றுத் திரை வரும், அல்லது நிரல் விழும்.

படி 1. எஸ்டிஎல் இனிட் அழைப்பை வீடியோ கொடியுடன் அழையுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. எஸ்டிஎல்2-ல் இந்த அழைப்பு வெற்றி பெற்றால் சுழியம் திரும்பும். எஸ்டிஎல்3-ல் உண்மை என்று திரும்பும். பழைய பாடத்தைப் பார்த்து எழுதினால் நிபந்தனை தலைகீழாகி, எல்லாம் சரியாக இருக்கும்போதே நிரல் வெளியேறிவிடும். எந்த அழைப்பு தோற்றாலும் கெட்எரர் தரும் செய்தியை அச்சிடும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2. சாளரத்தைத் திறக்கும் முன்பே ஓப்பன்ஜிஎல் பண்புகளைச் சொல்லிவிடுங்கள்: பதிப்பு 3.3, கோர் புரொஃபைல், இரட்டை பஃபர், 24 பிட் ஆழம். வரிசை ஏன் இப்படி? விண்டோஸில் ஒரு சாளரத்துக்கு பிக்சல் வடிவத்தை ஒரே ஒரு முறைதான் அமைக்க முடியும். எக்ஸ்11-லும் சாளரம் பிறக்கும்போதே அதன் விஷுவல் முடிவாகிவிடுகிறது. திறந்தபின் ஆழமோ மல்டிசாம்பிளிங்கோ கேட்டால் பயன் இல்லை. மேக்கில் கோர் புரொஃபைல் என்று கேட்காவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது 2.1.

படி 3. கிரியேட்விண்டோ. தலைப்பு, அகலம், உயரம், கொடிகள், அவ்வளவுதான்; எஸ்டிஎல்2-ல் இருந்த இட அளபுருக்கள் இரண்டும் இப்போது இல்லை. ஓப்பன்ஜிஎல் கொடி, அளவு மாற்றக்கூடிய கொடி, உயர் பிக்சல் அடர்த்திக் கொடி மூன்றையும் சேருங்கள்.

படி 4. அந்தச் சாளரத்தைக் கொடுத்து ஜிஎல் கிரியேட்கான்டெக்ஸ்ட் அழைப்பால் கான்டெக்ஸ்டை உருவாக்குங்கள். அது உடனே நடப்பாகிவிடும். அதற்குப் பிறகுதான் கிளாட் போன்ற ஏற்றியை ஓடவிடவேண்டும். விண்டோஸின் ஓப்பன்ஜிஎல் கோப்பு 1.1 வரையிலான செயற்கூறுகளை மட்டுமே நேரடியாகத் தருகிறது. மீதி எல்லாவற்றின் முகவரியையும் ஓடும்போது டிரைவரிடம் கேட்டு வாங்கவேண்டும். கான்டெக்ஸ்ட் பிறக்கும் முன் கேட்டால் பெரும்பாலும் வெற்று முகவரிதான் கிடைக்கும்.

பழைய கணினி உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பது இந்தப் படியில் தெரியும். 2011-ல் வந்த இன்டெல் எச்டி 3000 சில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் டிரைவரில் அது ஓப்பன்ஜிஎல் 3.1-உடன் நின்றுவிடுகிறது. அதே சில்லு லினக்ஸில் மெசா டிரைவருடன் 3.3 வரை போகிறது. கணினி ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் உங்கள் நிரல் ஓடும், மறுபக்கம் கான்டெக்ஸ்ட் கிடைக்காது. ஆகவே 3.3 தோற்றால் சாளரத்தை அழித்துவிட்டு, பதிப்பை 2.1 என்றும் புரொஃபைலைச் சுழியம் என்றும் மாற்றி, மீண்டும் படி 3-லிருந்து முயலுங்கள். புரொஃபைலை மாற்ற மறக்கவேண்டாம், அது 3.2 முதல்தான் பொருள்படும். 2.1-க்குத் தனியாக எளிய ஷேடர் ஒன்று எழுதவேண்டிவரும். அந்தக் கூடுதல் வேலையைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். புதுக் கணினி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் உங்கள் செயலியைத் திறக்கவேண்டும்.

மேக்கில் நிலை வேறு. ஆப்பிள் ஓப்பன்ஜிஎல்லை 4.1-உடன் நிறுத்திவிட்டது, 2018-ல் மொஹாவே வந்தபோது கைவிடப்படும் பட்டியலிலும் சேர்த்தது. 3.3 இப்போதும் ஓடுகிறது. நீண்டகாலத் திட்டம் என்றால் எஸ்டிஎல்3-ன் புது ஜிபியு இடைமுகத்தைப் பாருங்கள். அது உள்ளே வல்கன், மெட்டல், டைரக்ட்3டி 12 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது.

படி 5. ஸ்வாப் இன்டர்வெலை 1 என்று வையுங்கள். இல்லாவிட்டால் யாரும் பார்க்காத ஆயிரக்கணக்கான சட்டகங்களை ஒவ்வொரு நொடியும் வரைந்து மடிக்கணினி கொதிக்கும். மே மாதத்துச் சென்னையில் அதற்கு இன்னும் சூடு தேவையில்லை. தட்டச்சுப் பயிற்சி போல அசைவு இல்லாத செயலிக்கு போல்இவென்ட்டை விட வெயிட்இவென்ட் நல்லது: விசை அழுத்தும்வரை நிரல் தூங்கும், மின்சாரம் போனாலும் பேட்டரி கூடுதலாகத் தாங்கும்.

சுழற்சிக்குள் நிகழ்வுகளை வாங்கி, துடைத்து, வரைந்து, ஸ்வாப்விண்டோ அழையுங்கள். நிகழ்வுகளை மெயின் த்ரெட்டில் மட்டும் வாங்குங்கள். வேலேண்டில் ஒரு சட்டகமாவது வரைந்து மாற்றிக் கொடுக்கும்வரை சாளரம் கண்ணுக்கே தெரியாது. வரவில்லையே என்று படி 3-ல் போய்த் தேடவேண்டாம்.

அளவு மாறும்போது வியூபோர்ட்டுக்குச் சாளர அளவைக் கொடுக்காமல் பிக்சல் அளவைக் கேட்டுக் கொடுங்கள். ரெட்டினா திரையில் 800க்கு 600 சாளரம் பொதுவாக 1600க்கு 1200 பிக்சல். தவறான எண்ணைக் கொடுத்தால் படம் இடது கீழ் மூலையில் கால்பங்கில் ஒதுங்கிவிடும். முடிக்கும்போது கான்டெக்ஸ்ட், சாளரம், குவிட் என்ற வரிசையில் அழியுங்கள்.

இனி தமிழ். நிரல் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் சாளரத் தலைப்பு தமிழில் அப்படியே வரும். மைக்ரோசாஃப்ட் தொகுப்பியில் யுடிஎஃப்-8 விருப்பத்தையும் தனியே இயக்கவேண்டும். தட்டச்சுக்கு விசை நிகழ்வை நம்பவே கூடாது. 1999-ல் சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகையில் க-வுக்கான விசையை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து க்க வரும். எந்த விசை அழுந்தியது என்பது வேறு, எந்த எழுத்து பிறந்தது என்பது வேறு. ஆகவே ஸ்டார்ட்டெக்ஸ்ட்இன்புட்டைச் சாளரத்துக்கு அழைத்து, உரை நிகழ்வில் வரும் சரத்தை மட்டும் எடுங்கள். முடிவாகாத எழுத்தை உள்ளீட்டு முறை காட்டும் இடைநிலையையும் எஸ்டிஎல் தனி நிகழ்வாகத் தருகிறது. ஜிஎல்எஃப்டபிள்யூவின் 3.4 பதிப்பில் அது இல்லை. மேலே நான் எஸ்டிஎல்3-ஐப் பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுதான்.

வரைவதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பல பாடங்கள் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படமாக்கி வரிசையாக ஒட்டச் சொல்லும். ஆங்கிலத்துக்கு அது சரி, தமிழுக்கு உதவாது. எஸ்டிஎல்-டிடிஎஃப் துணை நூலகத்தை, குறிகளை உரிய இடத்தில் அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைச் சேர்த்துத் தொகுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் முழுச் சரத்தையும் ஒரே படமாக்கி டெக்ஸ்சராக ஏற்றுங்கள். சோதிக்க நம் ஊர்ப்பெயர்களே போதும். சேலையூரில் இரண்டு எழுத்துக்குக் குறி இடப்பக்கம் வரவேண்டும்; கோவிலம்பாக்கத்தின் முதலெழுத்துக்கு இருபுறமும். குறிகள் எழுத்துக்குப் பின்னால் தொங்கினால் ஹார்ஃப்பஸ் சேரவில்லை என்று பொருள்.

பேக்ஸ்பேஸை நீங்களேதான் எழுதவேண்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-ல் 3 பைட். ஒரு பைட்டை நீக்கினால் சரம் உடையும். மூன்றை நீக்கினால் கோ என்பது க ஆகும். பலருக்கும் பழகிய நடத்தை அது. முழு எழுத்தையும் நீக்கவேண்டுமானால் மெய்யெழுத்தின் குறியீடு வரும்வரை பின்னோக்கிப் போய் அதையும் சேர்த்து அழியுங்கள். பயிற்சிச் செயலிக்கு நான் முதல் வகையையே வைப்பேன். தவறாகப் போட்ட உயிர்க்குறியை மட்டும் திருத்த மாணவருக்கு அதில் வழி இருக்கிறது.