கேட்ட சவுண்ட் கேட்ட நொடியில்: சாம்பிளுக்கென்று ஒரு தனி கம்ப்யூட்டர்

வடபழனி, சாலிகிராமம் பக்கம் கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மியூசிக் டைரக்டர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது, செஷனை நிற்கவிடாமல் ஓட்டும் புரோகிராமரைத்தான். ரீ-ரெக்கார்டிங்கில் “செல்லோ வை... வேண்டாம், டுடுக் போட்டுப் பார்” என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். லைப்ரரி லோட் ஆகும்வரை டைரக்டர் மொபைலை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால், உங்கள் மதிப்பு இறங்குகிறது என்று அர்த்தம். சாம்பிள்களை மட்டும் சுமக்க ஒரு தனி கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளுங்கள். க்யூபேஸோ லாஜிக்கோ மெயின் மெஷினில் ஓடட்டும்.

1. காசை எங்கே போடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் ஒரு வழியைக் காட்டியது: ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத் துண்டை மட்டும் ரேமில் வைப்பது, மீதியை வாசிக்கும்போதே டிஸ்கிலிருந்து எடுப்பது. இன்றைய கான்டாக்டும் அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால் ரேம், எஸ்எஸ்டி இரண்டும் முக்கியம். 64 ஜிபி ரேமில் தொடங்குங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா டெம்ப்ளேட் வைத்திருப்பவர்கள் 128-க்குப் போகலாம். லைப்ரரிகளுக்கு ஓஎஸ் இல்லாத தனி என்விஎம்இ எஸ்எஸ்டி. டிஸ்க் வேகமாக இருந்தால் கான்டாக்டின் ப்ரீலோட் பஃபரைக் குறைக்கலாம், அதே ரேமில் இன்னும் பல இன்ஸ்ட்ருமென்ட்கள் அடங்கும். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இந்த வேலைக்குத் தேவையில்லை. ஆப்பிள் சிலிக்கன் மேக் வாங்குவதானால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே முடிவெடுங்கள்.

2. இரண்டு மெஷின்களையும் வியன்னா என்செம்பிள் ப்ரோ மூலம் இணையுங்கள். ஒரே ஒரு கிகாபிட் ஈதர்நெட் கேபிள் போதும்: மிடி அங்கே போகும், ஆடியோ இங்கே வரும். இரண்டாவது மெஷினுக்குத் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டாம். வைஃபையை நம்பாதீர்கள், இரண்டுக்கும் நிலையான ஐபி முகவரி கொடுங்கள். இதில் பெரிய லாபம் ‘ப்ரிசர்வ்’ வசதி. அதை ஆன் செய்துவிட்டால், மெயின் மெஷினில் ஒரு புராஜெக்ட்டை மூடி அடுத்ததைத் திறந்தாலும் சாம்பிள்கள் லோட் ஆன நிலையிலேயே இருக்கும். ஒரே நாளில் பல சீன்களுக்கு மாறி மாறி வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய வேகம் கிடையாது. காலையில் டெம்ப்ளேட்டை ஏற்றிவிட்டு, மியூசிக் டைரக்டர் வரும் முன் தயாராக இருங்கள்.

3. அந்த மெஷினில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. பிரவுசர், வாட்ஸ்அப், படம் எடிட் செய்யும் சாஃப்ட்வேர், எதுவும். விண்டோஸில் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள், லேட்டன்ஸிமான் ஓடவிட்டு எந்த டிரைவர் தொல்லை தருகிறது என்று பாருங்கள். சினிமா வேலை 48 கிலோஹெர்ட்ஸ். 256 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 5.3 மில்லிசெகண்ட். என்செம்பிள் ப்ரோவில் இரண்டு பஃபர் சேர்த்தால் இன்னும் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் கூடும். விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி தெரிந்தால், லைவாக வாசிக்கும் இன்ஸ்ட்ருமென்டை மட்டும் மெயின் மெஷினில் வையுங்கள். ஓஎஸ் அப்டேட்டைப் படத்துக்குப் படம் இடையில் செய்யுங்கள். ரிலீஸ் தேதி நெருங்கும்போது தொடவே தொடாதீர்கள்.

4. யுபிஎஸ் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். எக்ஸ்ஃபேட் டிரைவில் லைப்ரரி வைத்திருந்தால், கரண்ட் போகும்போது ஃபைல்கள் கெடும் அபாயம் அதிகம். என்டிஎஃப்எஸ் அல்லது ஏபிஎஃப்எஸ் பாதுகாப்பு. முழு சிஸ்டத்தின் இமேஜ் ஒன்று வெளி டிஸ்கில் இருக்கட்டும். லைசென்ஸ்களையும் சரிபாருங்கள்: முழு கான்டாக்ட் கேட்கும் லைப்ரரியை இலவச பிளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் நின்றுவிடும். கிராக் செய்த லைப்ரரி உங்கள் மெஷினில் இருக்கவே கூடாது. நாளைக்கு ஒரு லேபிளோ ஓடிடி நிறுவனமோ உரிமைப் பத்திரம் கேட்டால், கையெழுத்துப் போடுகிறவரை மாட்டிவிட்டவர் நீங்களாகிவிடுவீர்கள்.

5. இனி உங்களைத் தனித்துக் காட்டப்போகும் விஷயம். வாங்கிய லைப்ரரிகள் போட்டியாளரிடமும் உண்டு. நீங்களே ரெக்கார்ட் செய்த பறை, உறுமி, நாதஸ்வரம் அவரிடம் இருக்காது. தாள வாத்தியத்தில் ஒரே அடியை ஒவ்வொரு அழுத்தத்திலும் ஆறு முதல் எட்டு முறை எடுத்து ரவுண்ட் ராபினாக அடுக்குங்கள். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். நாதஸ்வரத்துக்கு இந்த வழி உதவாது. தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கிற ஸ்வரமே அல்ல, அசைந்தால்தான் அது தோடி. அதைத் தனித்தனி நோட்டாக எடுத்து கீபோர்டில் பரப்பினால் உயிர் போய்விடும். ராகம் ராகமாகச் சின்னச் சின்னப் பிடிகளை வாசிக்கச் சொல்லி எடுங்கள். ஃபைல் பெயரிலேயே ராகம், டெம்போ, எத்தனை கட்டை ஸ்ருதி என்று எழுதுங்கள்: “நாதஸ்வரம்_தோடி_2கட்டை” என்று தேடினால் நொடியில் வர வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பிதான். இடத்தை மிச்சம் பிடிக்க எதையும் அழிக்காதீர்கள்.

வாசிக்கிற கலைஞரிடம் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். அன்றைய ஒரு பாட்டுக்குக் கொடுக்கும் சம்பளமும், பல படங்களில் பயன்படப்போகும் சாம்பிளுக்குக் கொடுக்கும் சம்பளமும் ஒன்றல்ல. தொகை, பயன்பாடு, கிரெடிட் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதன் ஸ்கேன் காப்பியை அந்த சாம்பிள் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள்.