காணா வாணிபமும் காஞ்சிப் பட்டும்

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டுத் தறிகளாலும் பெயர் பெற்ற நகரம் என்பதை யாவரும் அறிவர். ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் வரதராஜப் பெருமாளையும் தரிசித்துவிட்டு, வீட்டுத் திருமணத்திற்கு வேண்டிய முகூர்த்தச் சேலையையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது தொண்டை நாட்டுக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கமாகும். பாயில் அமர்ந்து, விரித்துப் போட்ட சேலையைக் கையால் தடவி, ஜரிகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பெரியவர்கள் விலை பேசி முடிப்பார்கள். சேலையில் குறை தென்பட்டால், அடுத்த உற்சவத்திற்கு வரும்பொழுது அதே கடையில் ஏறி நியாயம் கேட்க வழியிருந்தது.

இன்றோ கைப்பேசியின் திரையில் சேலையின் படம் வருகிறது. பணம் ஒரு நொடியில் போய்விடுகிறது. சேலை நாலைந்து நாள் கழித்துப் பொட்டலமாக வந்து சேருகிறது. விற்றவர் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவரா, வேறு மாநிலத்தில் கிடங்கு வைத்திருப்பவரா, அல்லது சேலையே இல்லாமல் படம் மட்டும் வைத்திருப்பவரா என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. வாங்குபவர் யார் என்பதும் நெசவாளருக்குத் தெரிவதில்லை. ஒருவரையொருவர் காணாது நடைபெறும் இவ்வாணிபத்தில் நம்பிக்கைக்கு ஆதாரம் எது என்பதை நாம் இங்கு ஆராய்வோம். இவ்விஷயம் நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. அறுவடைப் பணத்தைக் கொண்டு மகளுக்குச் சேலை எடுக்கும் விவசாயியும், ஊரில் வழக்கு என்று வந்தால் முதலில் அணுகப்படும் பஞ்சாயத்து அங்கத்தினரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

நம்பிக்கையை நிறுவனமாக அமைத்துக் காப்பது காஞ்சிக்குப் புதிதன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடுகள் உள்ளன. அவை 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இப்பொழுது உலகளந்த பெருமாள் கோயில் என வழங்கும் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொருளையும் கணக்கையும் மேற்பார்க்கும் பொறுப்பு, அந்நகரில் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் எனும் நெசவாளரிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்ததை அவை கூறுகின்றன. நகரில் நிறுத்தும் அளந்தும் விற்கப்படும் பண்டங்களின் மீதான கூலியும் கோயிலின் வருவாயாக இருந்தது. நிறையும் அளவும் கணக்கும் ஒருவர் வாய்ச்சொல்லில் நில்லாமல், ஊரார் கண்முன் நின்றன என்பதே இதில் நாம் கவனிக்கத் தக்கது.

பெயரும் முத்திரையும்

காணாத வியாபாரத்தில் முதல் ஆதாரம் பெயர். ஓர் ஊரின் சிறப்பால் மதிப்புப் பெறும் பண்டத்தின் பெயரைப் பிறர் பயன்படுத்தாதவாறு காப்பதற்கு, 1999-ஆம் ஆண்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005-06-ஆம் ஆண்டில் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றது. அப்பெயரைப் பொய்யாகச் சூட்டிப் பண்டம் விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். தண்டனை மூன்று ஆண்டு வரை செல்லலாம். ஆரணிப் பட்டும் திருபுவனம் பட்டும் தனித்தனியே பதிவு பெற்றவை. ஆரணிச் சேலை ஆரணிச் சேலையாக விற்கப்படின் அது நேர்மையான பண்டமே. அதனைக் காஞ்சிப் பட்டு என்று விற்பதுதான் பிழை.

முத்திரைகளைப் பற்றிப் பெருங்குழப்பம் நிலவுவதால் இதனைச் சற்று விரித்துரைப்போம். சில்க் மார்க் என்பது மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் ஏற்பட்டது. துணி தூய பட்டு என்பதற்கு மட்டுமே அது உறுதி. அது கைத்தறியா விசைத்தறியா, எவ்வூரில் நெய்தது என்பதை அது சொல்லாது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்பதற்கு உறுதி. நூல் பட்டா பருத்தியா என்பது அதன் பொருளன்று. ஊரின் பெயருக்கு உறுதி புவிசார் குறியீடு ஒன்றே. ஆதலின் சில்க் மார்க் உள்ளது என்று விற்பவர் சொன்னால், அது காஞ்சிச் சேலை என்பதற்குச் சாட்சியாகாது. முத்திரைச் சீட்டில் எண் உண்டு. அவ்வெண் தெரியும்படி படம் கேட்பதில் பிழையேதுமில்லை.

திரையில் எழுதப்படும் சொற்களையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘ஆர்ட் சில்க்’ என்பதைக் கலைநயம் வாய்ந்த பட்டு என்று எண்ணுவோர் பலர். அது செயற்கைப் பட்டு என்பதன் சுருக்கமே. ‘காஞ்சி பார்டர்’, ‘காஞ்சி மாதிரி’, ‘செமி சில்க்’ என்பனவெல்லாம் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவுவதற்காகத் தேர்ந்தெடுத்த சொற்கள் என்று நாம் கருதுகிறோம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வீடு தேடி வரும் அசல் காஞ்சிப் பட்டு என்பது நடவாத காரியம். கோர்வைச் சேலை ஒன்றை நெய்து முடிக்க இருவர் உழைப்பில் பத்துப் பதினைந்து நாட்கள் செல்கின்றன. அக்கூலியே அவ்விலையில் அடங்காது. பட்டுக்கும் ஜரிகைக்கும் விலை எங்கே?

படத்தில் தெரியாதவை இரண்டு. ஒன்று ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றியது. போலி ஜரிகையும் படத்தில் அதேபோல் மின்னும். சந்தேகம் தீர்வதற்குச் சோதனையே வழி. அரசாங்கத்தின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் 1971 முதல் காஞ்சியிலேயே இயங்கி வருகிறது. கூட்டுறவுச் சங்கங்களின் ஜரிகைக்கு மதிப்பு ஏற்பட அதுவும் ஒரு காரணம். மற்றொன்று கோர்வை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவினால் நெய்து கோத்துச் சேர்க்கும் இடத்தில் பல் பல்லாக ஒரு வரி தெரியும். சேலையின் பின்புறத்தை அருகிலிருந்து காட்டும் படம் கேட்டால் இது விளங்கும். மெய்யான நெசவாளர் அப்படத்தை மகிழ்ச்சியுடன் அனுப்புவார்.

கோயில் வாசலில் யாத்திரிகர்களை மறித்து, ‘சங்கத்துக் கடை இதுதான்’ என்று கூறித் தரகுக்காகத் தனியார் கடைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் காஞ்சிக்கு வருவோர் அறிந்ததே. அத்தரகர் இப்பொழுது கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டார். சங்கத்தின் பெயரில் ஓரெழுத்தை மாற்றியோ, கோபுரத்தின் படத்தை மேலே வைத்தோ கடை விரிப்பது எளிது. ஆதலால் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே செல்லாமல், 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸின் அல்லது அவரவர் அறிந்த சங்கத்தின் முகவரியைத் தாமே தேடிச் செல்வது நலம்.

சட்டம் தரும் உரிமை

உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், தூய பட்டு, அசல் ஜரிகை என்ற விளம்பரத்தைக் கண்டு பதினெண்ணாயிரம் ரூபாய் அனுப்பிச் சேலை தருவித்தார் எனக் கொள்வோம். வந்தது செயற்கைப் பட்டு. அவர் என் செய்வது?

வர்ணனையைச் சொல்லி விற்ற பண்டம் அவ்வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே உள்ள விதி. வி.பி.பி. தபாலில் சாமான் தருவித்த காலத்திற்கும் இதுவே விதி. இணைய வாணிபத்திற்கென 2020 ஜூலையில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இதனை மேலும் தெளிவாக்கின. விற்பவர் தம் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றை வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்திற்குள் அதனைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பண்டத்தைத் திரும்பப் பெற மறுத்தல் ஆகாது. வாங்கியவரைப் போல வேடமிட்டுத் தம் பண்டத்தைத் தாமே புகழ்ந்து எழுதுவதும் ஆகாது. ‘பொட்டலத்தைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிடில் திரும்பப் பெறமாட்டோம்’ என்று சிலர் எழுதி வைக்கிறார்கள். வீடியோ எடுத்து வைப்பது நல்ல சாட்சியமாகும். எனினும் ஒருவர் எழுதி ஒட்டிய வாசகம் அரசாங்க விதியை ரத்து செய்துவிடாது.

விற்றவர் எந்த ஊரினராயினும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த பெரும் நன்மை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையில் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திற்குச் சொன்னாலே தீரும் வழக்குகளும் உண்டு. இவை யாவற்றிற்கும் ரசீதும், விளம்பரப் படமும், பணம் சென்ற குறிப்பும் கையில் இருத்தல் வேண்டும். சேலை வந்து சேரும் முன்பே விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது விவேகம். வழக்கென்றால் அது மறைந்துவிடக் கூடும்.

நெசவாளருக்கு நேரும் வஞ்சனை

ஏமாற்றப்படுபவர் வாங்குபவரே என்று எண்ணுதல் தவறு. வாட்ஸ்அப்பில் சேலைப் படங்களை அனுப்பித் தாமே விற்கத் தொடங்கியுள்ள நெசவாளர் குடும்பங்கள், முதலாளியின் கூலிக்கு நெய்வதிலிருந்து சற்று விடுதலை பெற முயல்கின்றன. அவர்களுக்கு ஒரு சேலையின் நஷ்டம் அரை மாத உழைப்பின் நஷ்டம்.

பணம் அனுப்பியதாகப் பொய்யான திரைப் படத்தைக் காட்டிச் சேலையைப் பெறுவது ஒரு வகை. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைத் தாமே பார்த்த பிறகன்றிச் சேலையை அனுப்பலாகாது. ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று கியூ.ஆர். குறியை அனுப்புவது மற்றொரு வகை. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போட்டால் பணம் போகுமேயன்றி வாராது. சேலையைப் பெற்றுக்கொண்டு, பழைய சேலையையோ போலியையோ திருப்பி அனுப்புவது இன்னொன்று. சேலையின் மூலையில் முத்திரைச் சீட்டைக் கோத்து, அதன் எண்ணை ரசீதில் எழுதி, அனுப்புமுன் இரண்டையும் சேர்த்துப் படமெடுத்தால் இது பெரிதும் தடைப்படும்.

பிறர் போல் நடித்துக் கணினி வழியே ஏமாற்றுவது, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உள்ள குற்றம். ஆயினும் பணம் போன பின் சட்டத்தினும் விரைவே உதவும். 1930 என்ற எண்ணில் உடனே தெரிவித்தால், பணம் கைமாறுமுன் கணக்கை முடக்க வழியுண்டு. வங்கியிடமும் அன்றே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த நெறியின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் பிழை செய்யாதிருக்க மூன்றாமவர் பணத்தைக் கவர்ந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமில்லை. ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டால், தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவரையே சாரும்.

குடும்ப விவரங்களின் பாதுகாப்பு

முகூர்த்தச் சேலைக்கு ஆர்டர் கொடுப்பவர் தம் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், திருமண நாள், செலவு செய்யும் சக்தி ஆகிய அனைத்தையும் அறியாதவர் கையில் தருகிறார். அடுத்த வாரமே மண்டபக்காரரும் நகைக்கடையும் கடன் கொடுப்பவரும் கூப்பிடத் தொடங்கினால், அவ்விவரங்கள் எங்கோ கைமாறின என்று ஊகிக்கலாம். திருமணத்தன்று எந்த வீடு பூட்டியிருக்கும் என்பதும் அதே குறிப்பில் அடங்கியுள்ளது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு அவை அமைந்துள்ளன. எதற்காக விவரம் கேட்கிறார்களோ அதற்கு மட்டுமே அதனைப் பயன்படுத்த வேண்டும்; காரியம் முடிந்தபின் அழிக்க வேண்டும்; சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் தரவேண்டும் என்பன அச்சட்டத்தின் சாரம். சேலை வாங்க ஆதார் நகல் எதற்கு? கேட்டால் மறுக்கலாம். வேறு இடங்களில் தர நேர்ந்தாலும், முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதாரைத் தருவது போதுமானது.

நெசவாளருக்கும் சங்கங்களுக்கும் இதில் கடமையுண்டு. மணப்பெண் சேலை உடுத்திய படத்தை அவள் சம்மதமின்றி விளம்பரத்தில் இடுவதும், வாடிக்கையாளர் எண்களை ஒரே குழுவில் சேர்த்து எல்லோரும் எல்லோரையும் பார்க்கும்படி வைப்பதும், தீய எண்ணமின்றிச் செய்யப்பட்டாலும் நம்பிக்கையைக் குலைப்பவை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வருகிற கூட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினரையும் இ-சேவை மையத்தாரையும் அழைத்து, போலி ரசீது ஒன்றையும் மெய் ரசீது ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டச் செய்யலாம். ஆதார் நகல்களையும் பயனாளிகள் பட்டியலையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் திறந்த அலமாரியில் வைக்கும் பழக்கத்தையும் அன்றே நிறுத்தலாம். 1930, 1915 ஆகிய இரு எண்களையும் அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க ஒரு டப்பா பெயிண்டுக்கு மேல் செலவாகாது.