உழைப்பு வீணா?

கேள்வி: எங்கள் சபையில் எழுப்புதல் வரவேண்டும் என்று பல ஆண்டுகள் ஜெபித்தோம், உழைத்தோம். ஒன்றும் மாறவில்லை. தேவன் எங்களைக் கைவிட்டுவிட்டாரா?

பதில்: இல்லை. யூதாவின் யோசியா ராஜாவை நினைத்துப் பாருங்கள். ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்ததும் விக்கிரகங்களை அகற்றினார், பஸ்காவை மீண்டும் ஆசரிக்கச் செய்தார். ஆனாலும் கி.மு. 609-இல் மெகிதோவில் மாண்டார். அவருடைய மகன்களே பழைய பாவத்துக்குத் திரும்பினார்கள். கி.மு. 586-இல் எருசலேமும் பாபிலோனியரிடம் வீழ்ந்தது, ஆலயமும் அழிந்தது.

தேவனுடைய திட்டம் மட்டும் விழவில்லை. பின்பு பாபிலோனை வென்ற பெர்சிய ராஜா கோரேசு, ஆலயத்தை மீண்டும் கட்டக் கட்டளையிட்டார். பின்னாளில் வேதபாரகனாகிய எஸ்றா எருசலேமில் நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது ஜனங்கள் அழுதார்கள். யோசியா ஏங்கிய மனந்திரும்புதல் வேறொரு தலைமுறையில் வந்தது.

ஆகவே ஜெபத்தை நிறுத்தாதீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதத்தைக் கற்றுக்கொடுங்கள். பலன் தரும் காலத்தைத் தேவனிடம் விட்டுவிடுங்கள்.