கண்மாய் காக்க நிதி மட்டும் போதுமா?



காரைக்குடி வட்டாரத்தில் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை நீர் கண்மாயில் தேங்கினால்தான் நெல் வீடு வந்து சேரும். ஆகவே, கண்மாய்ச் சீரமைப்புக்குக் கிடைக்கும் நிதி நமக்கு அவசியமே. ஆயினும், நிதி எப்போதோ ஒரு முறை வரும்; வண்டலோ ஆண்டுதோறும் வரும். இதனை மறத்தல் கூடாது.

வந்த திட்டங்கள்

1973-74ல் மத்திய அரசு தொடங்கிய வறட்சிப் பகுதித் திட்டத்தில் பழைய இராமநாதபுரம் மாவட்டம் சேர்க்கப்பட்டது. சிவகங்கை அப்போது அதன் பகுதி. 1985ல்தான் தனி மாவட்டமாயிற்று. 1984ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக உதவியுடன் தமிழ்நாட்டில் ஏரிகளை நவீனப்படுத்தும் திட்டமும், 2007ல் உலக வங்கி உதவியுடன் நீர்வள நிலவளத் திட்டமும் தொடங்கின. 2016-17ல் குடிமராமத்து புத்துயிர் பெற்றது. முதற்கட்டமாக ரூ.100 கோடியில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. பணிமதிப்பில் 10 சதவீதத்தைப் பாசனதாரர் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தருவது இதன் விதியாக இருந்தது.

உதாரணமாக, 100 ஏக்கர் ஆயக்கட்டில் ரூ.10 லட்சம் வேலை என்றால், ஏக்கருக்கு உங்கள் பங்கு ரூ.1,000. பங்கு கொடுத்தவர் வேலையைக் கண்காணிப்பார், கேள்வியும் கேட்பார்.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

1. வரத்துக்காலை முதலில் சீர் செய்தல் வேண்டும். அது சீமைக்கருவேலால் அடைபட்டிருந்தால், கரை புதிதாயினும் கண்மாய் காலியாகவே இருக்கும்.

2. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் மடை வழியே வயலுக்குப் பாயாது. கால்நடைக்கே உதவும். ஆகவே, அம்மட்டத்துக்கு மேலுள்ள வண்டலை முதலில் எடுக்கவும். கரையையும் மடையையும் ஒட்டித் தோண்டலாகாது.

3. கூடுதல் நீர் தேக்கும் ஆசையில் கலுங்கை உயர்த்தாதீர். கரை உடையும், மேலேயுள்ள நிலம் மூழ்கும்.

வண்டலும் ஒரு வருமானமே

நம் செம்மண் நீரை நெடுநாள் தாங்காது. வண்டல் அக்குறையைப் போக்கும். வட்டாட்சியர் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுக்கலாம். ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் அளவு. 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் சமமாகப் பரப்பினால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கனம் வரும். இடுமுன் களர், உவர்த் தன்மை உண்டா எனப் பரிசோதித்துக் கொள்ளவும்.

திட்டம் முடிந்த பின்

ஒப்பந்தக்காரர் போனபின் கண்மாய் உங்களுடையது. ஆண்டுக்கு ஏக்கருக்கு ரூ.100 வசூலித்தால், அதே 100 ஏக்கரில் ரூ.10,000 சேரும். இதனை இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கில் வைத்து, செலவை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டவும். புதர் வெட்டவும், மடைக் கதவுக்கு எண்ணெய் இடவும், நீர்பாய்ச்சிக்குக் கூலி தரவும் இது கைகொடுக்கும்.

எனவே ஆடியிலேயே ஆயக்கட்டுதாரர் அனைவரும் கூடுங்கள். வரத்துக்காலை ஒரு முறை நடந்து பாருங்கள். ஐப்பசி மழை நமக்காகக் காத்திராது.