போட்டோவைப் பார்த்து வரைகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போட்டோவைப் பார்த்து வரைவது திருட்டா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. டிரேஸ் எடுத்தாலும் இல்லை. அடுத்தவர் எடுத்த படமென்றால் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1881-இல் வரைந்த ஓவியம் ஒன்று, மீனவர்கள் வலை செப்பனிடும் காட்சி. ஆட்கள், மரம், வாத்துகள் எனப் பல புகைப்படங்களிலிருந்து கோத்தது. படங்களை கேன்வாஸ்மேல் ஒளியாகப் பாய்ச்சி, முக்கியமான இடங்களைக் கீறி அடையாளம் வைத்துக்கொண்டிருக்கிறார். உயிரோடிருந்தவரை மனிதர் வாயே திறக்கவில்லை! பல பத்தாண்டுகள் கழித்து அருங்காட்சியக ஆய்வில்தான் அது அம்பலமானது. ஆனால் அவர் பிணமறுத்து உடற்கூறு படித்தவர். சட்டைக்குள் தோள் எப்படித் திரும்புகிறது என்று போட்டோ சொல்லாததும் அவருக்குத் தெரியும்.

நீ அனுப்பிய பாட்டி படத்தில் அதுதான் இல்லை. மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்கு ஓடிவிட்டன. போனை முகத்தருகே நீட்டி எடுத்திருக்கிறாய். ஏழெட்டு அடி தள்ளி நின்று எடு, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள். தாடைக்குக் கீழே வெறும் கறுப்பை அப்பியிருக்கிறாய். அங்கே சேலையின் நிறம் ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியும், போன் விழுங்கிவிடும். அதே வெளிச்சத்தில் பாட்டியை உட்காரவைத்து, அந்த நிழலை மட்டும் உள்ளங்கையளவு தாளில் வண்ணத்தில் குறித்துக்கொள்.

அசைவு இன்னும் சிக்கல். பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ 1821-இல் வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. 1878-இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்தபோது, கால்கள் வயிற்றடியில் மடங்கும்போதுதான் குதிரை தரையை விட்டு எழும்புகிறது என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே ஈக்கின்ஸ் ஒரு குதிரைவண்டி ஓவியத்தைத் தொடங்கினார். கால்களை அந்தக் கண்டுபிடிப்பின்படி துல்லியமாக வைத்தவர், சக்கரத்தின் ஆரங்களைச் சுழலும் மங்கலாகத் தீட்டிவிட்டார். சக்கரம் ஓடுகிறது, குதிரை உறைந்து நிற்கிறது. தப்பான கால்களோடு ஓடும் ழெரிக்கோவின் குதிரைகளே உண்மை என்றார் சிற்பி ரோடின். நானும் அவர் கட்சி.

அதனால் உன் ஜல்லிக்கட்டுப் படத்துக்கு வீடியோவை நிறுத்திக் கிடைத்த ஒரே நொடியை நம்பாதே. ஓடவிட்டுப் பார்த்து, நிறுத்தாமல் பென்சிலால் கிறுக்கு. பிறகு கொம்பின் வளைவுக்கும் திமிலுக்கும் போட்டோவிடம் போ. கிறுக்கல்களையும் சேர்த்து அனுப்பு, முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
அண்ணன்