எச்.எஸ்.ஜி. டெஸ்ட்: பயமும் நிஜமும்

குழந்தை நிற்கவில்லையென்றால் ‘முதல்ல பொண்ணுக்கு டியூப் டெஸ்ட் எடுங்க’ என்பது வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். அந்த டியூப் டெஸ்ட்தான் எச்.எஸ்.ஜி.; கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கும் எக்ஸ்ரே. கணவரின் விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவும் குறைவு. அந்த ரிப்போர்ட் வராமல் மனைவியை எக்ஸ்ரே மேஜையில் படுக்க வைப்பது நியாயமே இல்லை.

‘உயிர் போற வலி’ என்று பயமுறுத்துவதும் நடக்கிறது. கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் அயோடின் மருந்தைச் செலுத்துவார்கள். திரையில் முதலில் கருப்பை வெள்ளை முக்கோணமாகத் தெரியும். பிறகு இரு பக்கமும் நூல் போலக் கருக்குழாய்கள். நுனியில் மருந்து வயிற்றுக்குள் சிந்தினால் குழாய் திறந்திருக்கிறது. மருந்து ஏறும்போது மாதவிலக்கு வலிபோல அடிவயிற்றைப் பிசையும்; பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். சிலருக்குக் கடுமையாகவே வலிக்கும், அதை மறைக்கக் கூடாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அல்சர், ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மயக்க மருந்து கொடுக்கப்போவதில்லை என்றால் பொதுவாகப் பட்டினி தேவையில்லை.

தேதிதான் முக்கியம். ‘லீவு கிடைக்கிற அன்னிக்கு எடுத்துக்கலாம்’ என்பது சரிப்படாது. உதிரப்போக்கு நின்ற பிறகு, கருமுட்டை வெளிவருவதற்கு முன், பெரும்பாலும் 6 முதல் 10ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டும். மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து டெஸ்ட் முடியும்வரை தாம்பத்தியம் கூடாது. கூச்சத்தால் பலர் இதைக் கேட்பதும் இல்லை, சொல்பவர்களும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வயிற்றில் கரு தங்கியிருக்கும்போது இந்தச் சோதனை செய்துவிடக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் முன்னதாகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடின் மருந்து ஆகாது என்பதும் தவறு. அந்த ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள புரதம், அயோடின் அல்ல. ஆனால் முன்பு சி.டி. ஸ்கேன் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, தைராய்டு, துர்நாற்ற வெள்ளைப்படுதல், காய்ச்சல், எப்போதோ வந்த டி.பி. எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். டி.பி.யைச் சொல்லத்தான் பலர் தயங்குகிறார்கள்; நம் நாட்டில் கருக்குழாயைக் கெடுக்கும் நோய்களில் அதுவும் ஒன்று.

‘டெஸ்ட் எடுத்தாலே குழந்தை நிற்கும்’ என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணெய் கலந்த மருந்து செலுத்தப்பட்டவர்களில் 39.7 சதவீதம் பேரும், நீர் கலந்த மருந்து செலுத்தப்பட்டவர்களில் 29.1 சதவீதம் பேரும் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்திருந்தார்கள். இதை வைத்து யாருக்கும் உறுதி சொல்லிவிட முடியாது. ‘அடைப்பு’ என்று ரிப்போர்ட் வந்தால் உடனே ஐ.வி.எஃப். என்று முடிவுகட்டவும் வேண்டாம். கருக்குழாயில் கருப்பையை ஒட்டிய பகுதி இறுகிச் சுருங்கினாலும் படத்தில் அடைப்பாகவே தெரியும்.

போகும்போது ஒரு நாப்கினும், துணைக்கு ஒருவரும் இருக்கட்டும். ஓரிரு நாள் லேசாக ரத்தம் படலாம். காய்ச்சல், துர்நாற்றம், அதிக உதிரப்போக்கு, கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.