திருவாதிரைச் சீட்டும் துவரம்பருப்பு விலையும்



பண்டிகை நெருங்கும்போது விலையும் ஏறினால் நம் கடை வாசலில் ஒரு காட்சியைப் பார்க்கிறோம. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரும் அம்மா முதலில் பருப்பு விலையைக் கேட்கிறார். நாம் விலையைச் சொல்கிறோம். அவர் சீட்டைப் பாதியாக மடித்து, "இன்னிக்கு இது மட்டும் போதும்" என்கிறார். பருப்பு விலை ஏறியதால் ஏலக்காயும் முந்திரியும் வெல்லமும் சேர்ந்து விற்காமல் நின்றுவிடுகின்றன. அவர் வீட்டுப் பண்டிகையும் குறைகிறது, நம் கல்லாவும் குறைகிறது. இதை எப்படிச் சமாளிப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

2015இல் நடந்தது

துவரம்பருப்பு விலையில் மறக்க முடியாத ஆண்டு 2015. அதற்கு முந்திய பருவத்தில் மழை பொய்த்ததால் நாட்டின் மொத்தப் பருப்பு விளைச்சல் சுமார் 1 கோடியே 92 லட்சம் டன்னிலிருந்து 1 கோடியே 71 லட்சம் டன்னாகக் குறைந்தது. 2015லும் பருவமழை குறைவுதான். ஆண்டுத் தொடக்கத்தில் கிலோ 100 ரூபாய்க்குள் இருந்த துவரம்பருப்பு அக்டோபரில் பல நகரங்களில் 200 ரூபாயைத் தொட்டது. இறக்குமதியாளர், பெரிய அங்காடிகள் உள்பட எல்லோருக்கும் இருப்புக் கட்டுப்பாடு என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. நாடெங்கும் கிடங்குகளில் சோதனை நடந்தது.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 10ஆம் தேதி. முந்தின நாள் நம் கடலூர் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வீடுகளும் உயிர்களும் போயின. டிசம்பர் தொடக்கத்தில் மறுபடியும் வெள்ளம். அந்தத் துயரத்துக்கு நடுவில்தான் டிசம்பர் கடைசி வாரத்தில் சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை வந்தது.

நாங்கள் செய்த தவறு

எங்கள் மொத்தக் கடை கடலூர் முதுநகரில் இருக்கிறது. அந்த அக்டோபரில் விலை இன்னும் ஏறும் என்று கணக்குப் போட்டு 40 மூட்டை துவரம்பருப்பைக் கிடங்கில் பின் வரிசையில் அடுக்கி வைத்தோம். சிதம்பரம் கீழ வீதிப் பக்கத்திலிருந்து இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சிறு கடைக்காரர் தீபாவளிக்கு நாலு மூட்டை கேட்டார். ஒன்று கொடுத்து, "மீதி லோடு வரவில்லை" என்று சொல்லிவிட்டோம். சொன்னது பொய்.

நவம்பர் 9 இரவு கிடங்கில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. அடி வரிசையில் இருந்த 11 மூட்டை ஊறிப் புளித்து நாறிப்போனது. மாட்டுத் தீவனத்துக்குக்கூட யாரும் எடுக்கவில்லை. பள்ளம் தோண்டிப் புதைத்தோம்.

டிசம்பரில் அந்தக் கடைக்காரர் திருவாதிரைக்குச் சரக்கு எடுக்க வந்தார். ஊரில் எல்லோரும் பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. "எனக்கு இல்லைன்னு சொன்னீங்க முதலாளி, தண்ணிக்குக் கொடுத்தீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை எங்களுக்கு மறக்கவில்லை. அன்று அவருக்கு வேண்டிய சரக்கை அடக்க விலைக்கே போட்டுக் கொடுத்தோம். அந்த நஷ்டத்தைவிட, அவர் வேறு கடை பார்த்துப் போகாமல் இருந்ததே எங்களுக்குப் பெரிய லாபம்.

அவர் கடையில் கற்றுக்கொண்டது

அந்தத் திருவாதிரைக்கு முன்தினம், தேரோட்டத்தன்று, அவர் கடைக்குப் போனோம். எங்களுக்கு ஆச்சரியம். பருப்பு விலை பெரிதாக இறங்காத நேரத்திலும் கடையில் கூட்டம். வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை. அதில் விலைப்பட்டியலுக்குப் பதிலாக, "ஆறு பேருக்குக் களியும் ஏழுகறிக் கூட்டும்" என்று எழுதி, அதற்கு எந்தச் சாமான் எத்தனை கிராம், எவ்வளவு காசு என்று போட்டிருந்தார். நாம் மூட்டையிலிருந்து கணக்குப் போடுகிறோம். அவர் இலையிலிருந்து கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கைக் கீழே தருகிறோம். விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

களிக்கு: பச்சரிசி 250 கிராம் 15 ரூபாய். பாசிப்பருப்பு 50 கிராம் 6 ரூபாய். வெல்லம் 400 கிராம் 24 ரூபாய். நெய் 100 கிராம் 70 ரூபாய். முழு முந்திரி 25 கிராம் 22.50 ரூபாய். ஏலக்காய் 6 ரூபாய்.

கூட்டுக்கு: துவரம்பருப்பு 150 கிராம். புளி 8 ரூபாய். மிளகாய், தனியா, கடலைப்பருப்பு, பெருங்காயம், எண்ணெய் எல்லாம் சேர்ந்து 25 ரூபாய். பூசணி, பரங்கி, அவரை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, மொச்சை என்று ஏழு காய் 90 ரூபாய். இரண்டுக்கும் பொதுவாகத் தேங்காய் ஒன்று 30 ரூபாய்.

துவரம்பருப்பு நீங்கலாக 296.50 ரூபாய் ஆகிறது. பருப்பு கிலோ 100 ரூபாயாக இருந்தால் 150 கிராமுக்கு 15 ரூபாய், மொத்தம் 311.50. கிலோ 200 ஆனால் 30 ரூபாய், மொத்தம் 326.50. விலை இரண்டு மடங்கு ஆகியும் பண்டிகைச் செலவு கூடியது 15 ரூபாய் மட்டுமே.

இதே கணக்கில் நெய்யும் முந்திரியும் மட்டும் 92.50 ரூபாய். மொத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். களியில் வறுத்துப் போடும் முந்திரிக்கு முழுப்பருப்பு தேவையில்லை. நம் பண்ருட்டித் துண்டு முந்திரி போதும். 25 கிராமுக்கு 5 ரூபாய் குறையும். நெய்யை 75 கிராமாக்கினால் 17.50 குறையும். ஆக 22.50 ரூபாய் மிச்சம். ஏறியது 15 ரூபாய். பருப்பு ஏறியும் பண்டிகைச் செலவு ஏறவில்லை, இலையில் ஒரு பதார்த்தமும் குறையவில்லை.

"பருப்பு 200 ரூபாய்" என்று கேட்டதும் சீட்டை மடிக்கும் அம்மா, இந்தப் பலகையைப் பார்த்ததும் முழுச் சீட்டையும் வாங்கிப் போகிறார். கிலோ விலை பயமுறுத்துகிறது. இலைக் கணக்கு தைரியம் கொடுக்கிறது. இந்த மாதப் பாடத்தின் சாரம் இதுதான்.

பண்டிகை வேறு, மாதம் வேறு

இதனால் விலை ஏற்றம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அது பொய்யாகிவிடும். பருப்பு விலை உண்மையில் கடிக்கும் இடம் மாதச் சாமான். மாதம் 3 கிலோ துவரம்பருப்பு செலவாகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் 2007 முதல் ரேஷன் கடையில் சிறப்புத் திட்டத்தில் அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி 2 கிலோ நம்மிடம் 100 ரூபாய் வீதம் வாங்கினால் மாதம் 230 ரூபாய். விலை 200 ஆனால் 430 ரூபாய்.

இங்கேதான் கடைக்காரர் வாய் திறந்து யோசனை சொல்ல வேண்டும். அந்த 2 கிலோவில் ஒரு கிலோவை 120 ரூபாய் பாசிப்பருப்பாக மாற்றினால் 350 ரூபாயில் முடியும். பாசிப்பருப்பு சாம்பார் நம் பக்கத்தில் புதிதல்ல. சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சுக்குத் துவரம்பருப்பு வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் கொத்சு வைத்தால் துவரை தானாக மிஞ்சும். ரேஷன் பருப்பை நமக்குப் போட்டியாக நினைக்க வேண்டாம். அங்கே மிச்சமாகும் காசு மறுபடி நம் கடைக்குத்தான் வருகிறது.

அடக்க விலை போடும் முறை

விலை ஏறும்போது நம் சகோதரர்கள் பலர் இரண்டு விதத்தில் தடுமாறுகிறார்கள். சிலர் பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்று, அடுத்த மூட்டை எடுக்கப் பணம் போதாமல் நிற்கிறார்கள். 50 கிலோ மூட்டையை 5,000 ரூபாய்க்கு எடுத்து, கிலோ 105க்கு விற்றால் கையில் 5,250. புதிய மூட்டை 6,000 என்றால் 750 ரூபாய் துண்டு விழும். வேறு சிலர் செய்தித்தாளில் விலை ஏறிய அன்றே பழைய சரக்கைப் புதிய விலைக்கு விற்று, வாடிக்கையாளரின் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொள்கிறார்கள்.

நடுவழி சராசரி அடக்கம். கையில் 30 கிலோ 100 ரூபாய்ச் சரக்கு, புதிதாக 50 கிலோ 120 ரூபாய்ச் சரக்கு. முதல் 3,000, அடுத்தது 6,000, மொத்தம் 80 கிலோவுக்கு 9,000. கிலோ அடக்கம் 112.50. அதன்மேல் வழக்கமான 5 ரூபாய் வைத்து 117.50க்கு விற்கலாம். கேட்பவரிடம் இந்தக் கணக்கை மறைக்காமல் சொல்லலாம். விலை இறங்கும்போதும் இதே முறைதான். ஏறும்போது மட்டும் சராசரி பார்த்து, இறங்கும்போது பழைய விலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை வாடிக்கையாளர் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

பதுக்கினால் என்ன ஆகும்?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், முதலில் லாப நஷ்டத்தைப் பார்ப்போம். 2015இன் ஏற்றத்தைப் பார்த்து அடுத்த பருவத்தில் விவசாயிகள் ஏராளமாகத் துவரை விதைத்தார்கள். மழையும் கைகொடுத்தது. 2015-16இல் சுமார் 25 லட்சம் டன்னாக இருந்த துவரை விளைச்சல் 2016-17இல் 48 லட்சம் டன்னுக்கு மேல் போனது. 2017 தொடக்கத்தில் கர்நாடக, மகாராஷ்டிர மண்டிகளில் துவரை, குவிண்டால் 5,050 ரூபாய் என்ற ஆதார விலைக்கும் கீழே விழுந்தது. விவசாயிகள் கண்ணீர் விட்டார்கள். பழைய விலைக்குச் சரக்கைக் கட்டி வைத்திருந்த வியாபாரிகளும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். டிசம்பருக்குப் பிறகு புதுத் துவரை வரத்து தொடங்கும் என்பதை நினைவில் வைத்து, விலை உச்சத்தில் இருக்கும்போது வாரச் சரக்கு மட்டும் எடுப்பதே புத்திசாலித்தனம்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955இன் கீழ் அரசு எப்போது வேண்டுமானாலும் இருப்பு வரம்பு விதிக்கலாம். 2024 ஜூன் மாதம் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் அப்படி விதித்தபோது மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என்று வரம்பு இருந்தது. அது அந்த ஆண்டு செப்டம்பர் 30 வரை நடப்பில் இருந்தது. இருப்பு நோட்டைத் தினமும் எழுதுபவருக்குச் சோதனையைக் கண்டு பயமில்லை.

கவனிக்க வேண்டியவை

1. பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே இலைக் கணக்குப் பலகையை வைத்துவிடுங்கள். நான்கு பேருக்கு, ஆறு பேருக்கு, பத்து பேருக்கு என்று மூன்று அளவு போதும்.

2. 50 கிராம், 100 கிராம் கேட்பவரை முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுங்கள். விலை ஏறிய காலத்தில் நம் கடையைக் காப்பவர் அவர்தான்.

3. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, வெல்லம் முதலியவற்றுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வாடிக்கையாளர் எதிரில் நிறுத்துக் கொடுக்கும் சில்லறைக்கு இல்லை. ஆகவே தராசைக் கல்லாவுக்கு முன்னால் வையுங்கள்.

4. நெய்க்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அந்தப் பலன் வாங்குபவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

5. பருப்பு விலை ஏறும்போது கேசரிப் பருப்புக் கலப்பு தலைகாட்டும். வழக்கத்தைவிட மலிவாக யாராவது சரக்கு கொடுத்தால் மாதிரி பார்க்காமல் எடுக்காதீர்கள்.

6. இல்லாததை இருக்கிறது என்றும், இருப்பதை இல்லை என்றும் சொல்லாதீர்கள்.

ஆறாவதை நாங்கள் எங்கள் அனுபவத்தில் எழுதுகிறோம்.

சேந்தனார் கதை சிதம்பரத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். அன்றாடம் விறகு விற்று, ஒரு சிவனடியாருக்குச் சோறு போட்டுச் சாப்பிடுபவர். ஒருநாள் மழையில் விறகு நனைந்து விற்கவில்லை. அரிசி வாங்கக் காசில்லை. வீட்டில் இருந்த மாவில் களி கிண்டி அடியாருக்குக் கொடுத்தார். வந்தவர் நடராஜரே என்பது கதை. நாம் ஆண்டுதோறும் விற்கும் திருவாதிரைச் சாமானே, கையில் காசில்லாத ஒரு மழைநாளில் பிறந்த பதார்த்தத்துக்குத்தான். இருப்பதை வைத்து ஒரு வீடு பண்டிகை கொண்டாட வழி சொல்லிக் கொடுப்பது மளிகைக் கடைக்காரருக்குப் புதிய வேலை அல்ல.

வரும் பண்டிகைக்கு உங்கள் கடை விலையை வைத்து ஒரு இலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தச் சாமான் பேரில் பயம், எந்தச் சாமானில் உண்மையான செலவு என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதைப் பலகையில் எழுதி வாசலில் வையுங்கள். சீட்டை மடிக்க வந்த கை, முழுச் சீட்டையும் நீட்டும்.